மேல்மாடிக்காரர் இருமிய செவ்வாய்க்கிழமை

கேள்வி: அக்கா, வணக்கம். நானும் அம்மாவும் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மூன்று வருடமாக வீட்டிலேயே யாழ்ப்பாணத்துக் கறித்தூள் செய்து பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் விற்கிறேன். ஒருமுறை வாங்கினவர்கள் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். ஆனால் புதிதாக யாரும் வருவதில்லை. என் பதிவுகளை ஆட்கள் வாசிப்பதாகவே தெரியவில்லை. ‘முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்க வேணும்’ என்றான் தம்பி. அவன் சொன்னபடி போன கிழமை ‘இதை வாசிக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க வருந்துவீர்கள்!!!’ என்று தொடங்கிப் போட்டேன். கொட்டாஞ்சேனையில் இருக்கிற மாமி பயந்துபோய்ப் போன் எடுத்தா. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு முதல் போட்ட பதிவு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வரியை எப்படித்தான் எழுதுவது?

பி.கு: கடிதத்தில் மிளகாய் வாசம் அடித்தால் மன்னிக்கவும். செவ்வாய்க்கிழமை மிளகாய் வறுத்தோம். மேல்மாடிக்காரர் இருமி இருமி வந்து கதவைத் தட்டினார்.

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, வாசம் அடிக்கத்தான் செய்தது. கடித உறையைப் பிரித்ததும் எங்கள் பக்கத்து மேசைக்காரர் மூன்று தரம் தும்மினார். அதைப் பிறகு கதைப்போம். முதலில் நீங்கள் அனுப்பிய பதிவு. மற்ற வாசகர்களும் பார்க்கட்டும் என்று அப்படியே தருகிறேன்.

“அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு எமது இனிய வணக்கங்கள். இறைவன் அருளால் எமது வீட்டுத் தயாரிப்புகள் மூன்றாவது ஆண்டில் காலடி எடுத்து வைத்துள்ளன. தரமும் சுவையும் மிக்க எமது கறித்தூள் தற்போது விற்பனைக்கு உண்டு. செத்தல் மிளகாயை அம்மா ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளித்தான் வறுக்கிறா, அதுக்கே ஒரு பின்னேரம் போய்விடும். தேவையானோர் இன்பொக்ஸில் தொடர்பு கொள்ளவும்.”

முதல் மூன்று வாக்கியங்களும் கல்யாணக் கார்டுத் தமிழ். யாரோ எழுதி வைத்ததை நீங்கள் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாலாவதில் ‘வறுக்கிறா’ என்று ஒரு சொல் வருகிறது பாருங்கள், அங்கேதான் நீங்களே வாயைத் திறக்கிறீர்கள். ஒரு அம்மா, ஒரு சுளகு நிறைய மிளகாய், ஒரு முழுப் பின்னேரம். எனக்கு அந்த இடத்தில்தான் உங்கள் வீடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் போனில் பார்க்கிற எவருக்கும் அது தெரிந்திருக்காது. அதற்கு முதலே ஆள் கீழே தள்ளிக்கொண்டு போயிருப்பார்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இன்ஸ்டகிராமில் ஒரு பதிவுக்கு 2,200 எழுத்துக்குறி வரை எழுதலாம். ஆனால் திறக்காமல் கண்ணில் படுவது ஏறத்தாழ முதல் 125 மட்டும்தான், மிச்சம் ‘மேலும்’ என்பதற்குள் ஒளிந்துவிடும். போனுக்குப் போன் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அப்புறம் தமிழுக்கு இன்னொரு நட்டம். கொழும்பு என்ற சொல் நமக்கு நாலு எழுத்து. கணினி அதை எட்டு என்று எண்ணும், எழுத்தோடு ஒட்டுகிற ஒவ்வொரு குறிக்கும் புள்ளிக்கும் தனியாகக் கணக்கு வைப்பதால். உங்கள் முதல் வாக்கியத்தை எண்ணினேன், 61. கிடைத்த இடத்தில் பாதி, வணக்கம் சொல்வதிலேயே போய்விட்டது.

வணக்கம் சொல்லாமல் தொடங்குவது மரியாதை இல்லையே என்று அம்மா சொல்லுவா. கடைக்குள் வந்தவருக்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும். காலி வீதியில் அவசரமாகப் போகிறவரை மறித்து வணக்கம் சொன்னால், காசு கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து மற்றப் பக்கம் பாய்ந்துவிடுவார். பதிவு வீதியில் நிற்கிறது. இன்பொக்ஸுக்கு வந்தபிறகு அன்பார்ந்த, மதிப்புக்குரிய எல்லாம் தாராளமாகப் போடுங்கள்.

நானும் இதைப் பிழையாகச் செய்துதான் படித்தேன். ஒரு பத்திரிகையில் சேர்ந்த புதிதில், களனி ஆறு பெருகி கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தபோது என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்து ‘நாட்டில் நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக’ என்று தொடங்கினேன். ஆசிரியர் அதற்கு மேல் வாசிக்கவில்லை. “இந்த வரியைப் போன வருசமும் போட்டோமே பிள்ளை, நீ அங்கே போகாமலே எழுதியிருக்கலாம்” என்றார். பிறகு, அங்கே என்ன கண்டாய் என்று கேட்டார். ஒரு அம்மா பிரிஜ்ஜைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி, அதற்கு மேல் பூனையை ஏற்றி, தான் இடுப்பளவு தண்ணீரில் நின்றதைச் சொன்னேன். அதுதான் மறுநாள் முதல் வரியாக வந்தது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்த வரியைப் போன வருடமும் போட்டிருக்கலாமா, இன்னொருவரும் போடலாமா? ‘தரமும் சுவையும் மிக்க’ என்பதை மிக்சர் விற்கிறவரும் போடலாம், மாசிக் கருவாடு விற்கிறவரும் போடலாம். காம்பு கிள்ளுகிற அம்மாவை வேறு யாரும் போட முடியாது.

இனி, யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பது. தமிழ்ப் பேப்பர் எடுக்கிற வீடுகளில் தலைப்புச் செய்தியை விட்டாலும் மரண அறிவித்தலை விடமாட்டார்கள். ‘யாழ். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். ஆளின் பெயருக்கு முதல் ஊர்ப் பெயர் வந்துவிடும். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள், கரவெட்டிக்காரர் மட்டும் அந்த இடத்தில் நின்று, ‘ஆரப்பா இது’ என்று கண்ணாடியைத் தேடுவார். இதைவிட நன்றாக ஆளைப் பிடிக்கிற முதல் வரியை நான் தமிழில் கண்டதில்லை. விற்பனைக்கும் இதே வேலைதான். எல்லோரையும் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘போர்டிங்கில் ஒரே ஒரு சட்டி வைத்துச் சமைக்கிற தம்பிமாருக்கு’ என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்த வரியில், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இதற்குள்ளேயே வறுபட்டு இருக்கிறது, முட்டைக்குழம்புக்கு வேறு சரக்குத் தேடவேண்டாம் என்று சொல்லுங்கள். தெஹிவளையில் அறை எடுத்து இருக்கிற பெடியன் நிற்பான். அவனுடைய அம்மாவும், வவுனியாவிலிருந்து, அதை அவனுக்கு அனுப்பிவைப்பா.

தம்பியின் வரிக்கு வருவோம். அவனைப் பேசாதீர்கள், அவன் சொன்னதில் பாதி சரி. கொழும்பு ஒழுங்கைகளில் சூன் பாண் ஓட்டோ வருகிறதே, பேத்தோவனின் ‘ஃபியூர் எலிசே’ மெட்டைப் போட்டுக்கொண்டு. அந்த மெட்டில் பாணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் கேட்டவுடன் சனம் காசையும் எடுத்துக்கொண்டு படலைக்கு வருகிறது. ஏனென்றால் ஒவ்வொரு நாளும் பின்னால் பாணும் பணிசும் இருந்திருக்கிறது. ஒருநாள் மெட்டைப் போட்டுவிட்டு, கதவைத் திறந்தால் வெறும் துண்டுப்பிரசுரம் மட்டும் இருந்தால், அடுத்த நாள் எழும்பி வருவார்களா? ‘வாழ்நாள் முழுக்க வருந்துவீர்கள்’ என்று சொல்லிவிட்டு உள்ளே கறித்தூளைக் காட்டினால் அதுதான் கதி. மாமி ஒருமுறை பயந்தா. இனி நீங்கள் உண்மையிலேயே ஆபத்து என்று போட்டாலும் போன் எடுக்கமாட்டா.

‘யாழ்ப்பாணச் சாப்பாடு பிடித்தால் லைக், பிடிக்காவிட்டால் கோபமுகம்’, ‘ஐந்து பேரை டேக் பண்ணுங்கள்’ என்கிற வகையும் வேண்டாம். இப்படிக் கெஞ்சுகிற பதிவுகளைக் குறைத்தே காட்டுவோம் என்று 2017 டிசம்பரில் பேஸ்புக் நிறுவனமே அறிவித்தது. உண்மையாக ஆலோசனை கேட்கிற, உதவி கேட்கிற பதிவுகளுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னார்கள். ஆகவே கேள்வியோடு தொடங்கலாம், பதில் தெரியாத கேள்வியாக இருந்தால். ‘சுவையான கறி வேண்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ‘ஒரு கிலோ மிளகாய்க்கு உங்கள் வீட்டில் எவ்வளவு வெந்தயம் போடுவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். கைக்கும் என்று ஒரு மாமி வருவா, போடாவிட்டால் அது தூளே இல்லை என்று இன்னொரு மாமி வருவா. பின்னேரத்துக்குள் கொமென்டில் ஒரு சிறு யுத்தம் நடக்கும். நீங்கள் நடுவில் நின்று உங்கள் அம்மாவின் அளவைச் சொன்னால் காணும்.

எழுத உட்கார்ந்தால் கல்யாணக் கார்டு தானாக வந்துவிடுகிறது என்கிறவர்களுக்கு நான் சொல்லுகிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. எழுதாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற ஒரு சகோதரிக்கோ சிநேகிதிக்கோ வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்புங்கள், இன்றைக்குத் தூள் இடித்த கதையை. பிறகு அதைத் திரும்பக் கேளுங்கள். ‘ஹலோ, எப்படி இருக்கிறாய்’ முடிந்ததும் முதலில் எதைச் சொன்னீர்களோ, பெரும்பாலும் அதுதான் உங்கள் வரி. ‘இறைவன் அருளால் எமது தயாரிப்புகள்’ என்று எந்தச் சகோதரிக்கும் ஒருவரும் சொன்னதில்லை. பேச்சில் வந்த சொல்லை எழுத்தில் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம், அம்மாவின் ‘வறுக்கிறா’வை மட்டும் ‘வறுக்கின்றார்’ ஆக்கிவிடாதீர்கள்.

சில்லறை விசயங்கள் சில. ரீல்ஸ் போடுவதானால் முதல் வரியைத் திரையிலும் எழுதுங்கள், 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிறவர் சத்தத்தை அணைத்துத்தான் பார்ப்பார். விலையை மறைத்துவிட்டு ‘விலைக்கு இன்பொக்ஸ்’ என்று போடுவதை எப்போதுதான் விடப்போகிறோமோ தெரியாது. எனக்கு அதைக் கண்டாலே அந்தப் பக்கம் போக மனம் வருவதில்லை. சிங்கள வாடிக்கையாளரும் வரவேண்டும் என்றால் ஒரு வரி சிங்களத்திலும் போடலாம். ஆனால் அதைக் கூகுளிடம் கேட்காமல், சிங்களம் வீட்டில் பேசுகிற ஒருவரிடம் கேளுங்கள். தூளுக்குச் சிங்களத்தில் ‘குடு’. மிரிஸ் குடு என்றால் மிளகாய்த்தூள். வெறும் குடு என்றால் ஹெரோயின், அது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘வீட்டில் செய்த தரமான குடு, டெலிவரி உண்டு’ என்று தொடங்கினால் முதல் வாடிக்கையாளராகப் பொலிஸ்தான் வரும்.

சரி, இப்போது அந்தத் தும்மலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிகச் சிறந்த முதல் வரி பி.கு.வில் கிடக்கிறது. ‘செவ்வாய்க்கிழமை மிளகாய் வறுத்தோம். மேல்மாடிக்காரர் இருமி இருமி வந்து கதவைத் தட்டினார்.’ எண்ணிப் பார்த்தேன், 86தான், ‘மேலும்’ வெட்டுவதற்கு முன் முழுதாக நிற்கும். வாசம் அடிக்கிறது, சத்தம் கேட்கிறது, கதவு தட்டப்படுகிறது. பிறகு என்ன நடந்தது என்று கேட்காமல் யாராலும் போக ஏலாது. எனக்கே இன்னும் தெரியாது, நீங்கள் எழுதவில்லை. சண்டை வந்ததா? யன்னலைப் பூட்டச் சொன்னாரா? அதை இரண்டாவது வரியில் நடந்தபடி சொல்லுங்கள், கூட்டிச் சேர்க்க வேண்டாம். மூன்றாவதில் அம்மாவும் காம்பும். அதற்குப் பிறகு நிறை, விலை, எந்தக் கிழமை எந்தப் பக்கம் கொண்டுவந்து தருவீர்கள் என்பது. இறைவன் அருள் கடைசியில் இருக்கட்டும், அவர் கோபிக்கமாட்டார்.

ஒன்று மட்டும். அவர் எத்தனையாம் மாடி, என்ன பெயர் என்று எழுதாதீர்கள். எழுதாவிட்டாலும் உங்கள் தொடர்மாடியில் எல்லோருக்கும் ஆள் யாரென்று விளங்கும். ஆகவே பதிவைப் போடுவதற்கு முதல் ஒரு பக்கற் தூளோடு மேலே ஏறிப்போய், உங்களைப் பற்றி ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், எங்கள் பக்கத்து மேசைக்காரரைப் போடலாம். ‘எங்கள் கடிதத்தைப் பிரித்தவர் மூன்று தரம் தும்மினார்’ என்று எழுத அவருக்குப் பூரண சம்மதமாம். அவருக்கும் ஒரு பக்கற் வேண்டுமாம்.