‘கே’ என்று பதில் வந்தால் கோபமா? பெரியவர்களும் குறுஞ்செய்திச் சுருக்கங்களும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் சமூக மன்றத்திலும் நூலகத்திலும் மூத்தோருக்குத் திறன்பேசி வகுப்பு நடத்திவரும் உறுப்பினர் ஒருவரிடம், இணையக் கொச்சையையும் குறுஞ்செய்திச் சுருக்கங்களையும் கற்பிப்பது பற்றி மற்ற உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த பதில்களும் இவை.

ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியர்: அம்மா, முதன்முறையாக மூத்தோர் வகுப்பு ஒன்றை எடுக்கவிருக்கிறேன். நூறு சுருக்கங்களை அகரவரிசையில் அச்சிட்டுக் கொடுத்துத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். சரிவருமா?

அச்சிடாதீர்கள், தம்பி. அந்த நூறில் பெரும்பாலானவை அவர்களுடைய கைப்பேசிக்கு வரப்போவதே இல்லை. வருகிறவையோ பட்டியலில் உள்ள பொருளில்தான் வரும் என்பதற்கு உறுதியும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு வந்து தமக்கு விளங்காமல் போன செய்தி ஒன்றைத் தேடி எடுக்கட்டும். அனுப்பியவரின் பெயரை மறைத்துவிட்டு அதைப் பலகையில் எழுதுங்கள். யார் யாருக்கு எழுதியது, அதற்கு முந்தைய செய்தி என்ன, எப்படிப்பட்ட மறுமொழியை அது எதிர்பார்க்கிறது என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை சொல்லிக்கொண்டு வரும்போதே, எழுத்துகளின் விரிவு தெரிவதற்கு முன்பாகச் செய்தியின் பொருளைப் பாதிக்குமேல் ஊகித்துவிடுவார்கள். விரிவை நீங்கள் கடைசியில் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுருக்கங்களைக் கண்டு மிரளும் இதே மனிதர்கள், ‘வீவக வீடு’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு), ‘மசேநிதிக் கணக்கு’ (மத்திய சேமநிதிக் கணக்கு), ‘இஆர்பி கட்டணம்’ (மின்னியல் சாலைக் கட்டணம்) என்று நாள்தோறும் தங்குதடையின்றிப் பேசுகிறவர்கள். இந்த ஊரில் சுருக்கம் தெரியாமல் யாரும் வீடு வாங்கியதில்லை. முதல் வகுப்பில் அவற்றைப் பலகையில் எழுதி விரிக்கச் சொல்லுங்கள். ‘இஆர்பி’யை முழுமையாக விரிக்க முடியாமல் பலரும் சிரிப்பார்கள். விரிவு தெரியாமலேயே பொருள் தெரிந்துவைத்திருக்கிறோம் என்பது அப்போது அவர்களுக்கே புலப்படும், கூச்சமும் குறையும்.

வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது அவரவர் விருப்பம். முழு வாக்கியத்தில் எழுதும் பாட்டியைப் பார்த்து எந்தப் பேரனும் முகம் சுளிப்பதில்லை.

பிடோக்கிலிருந்து ஒரு பாட்டி: என் தங்கையின் கணவர் மருத்துவமனையில் இருப்பதாகக் குடும்பக் குழுவில் எழுதியிருந்தார்கள். அன்பைத் தெரிவிப்பதாக நினைத்து ‘எல்ஓஎல்’ என்று போட்டுவிட்டேன். பேத்தி பதறிப்போய் அழைத்தாள். இனி எழுதவே அச்சமாக இருக்கிறது.

அச்சம் வேண்டாம், அம்மா. பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரனும் அந்த மூன்றெழுத்தை ‘நிறைய அன்பு’ என்று எண்ணியே குறுஞ்செய்திகளில் எழுதிவந்தார் என்பது, 2012-இல் அங்கு நடந்த ஊடக விசாரணையில் அளிக்கப்பட்ட சாட்சியத்தின் வழியாக உலகுக்கே தெரியவந்தது. அதன் வழக்கமான பொருள் ‘உரக்கச் சிரிக்கிறேன்’ என்பது. ஆனால், இன்று அதை எழுதுகிறவர்களில் உண்மையில் சிரிப்பவர் மிகச் சிலரே. ‘இன்றும் பேருந்தைத் தவறவிட்டேன் எல்ஓஎல்’ என்று பேத்தி எழுதினால், ‘இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று பேச்சை இலேசாக்குகிறாள் என்று கொள்ளுங்கள். உண்மையாகவே சிரிப்பு வந்தால் இக்கால இளையர் மண்டையோட்டுப் படத்தை அனுப்புகிறார்கள். சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்பது அதன் கருத்து. துக்கச் செய்திக்கோ நோய்ச் செய்திக்கோ சுருக்கம் எதையும் பயன்படுத்தாமல், ‘விரைவில் நலம்பெற வேண்டிக்கொள்கிறேன்’ என்று முழுமையாக எழுதுவதே எந்த வயதினருக்கும் பொருந்தும்.

இவையெல்லாம் நேற்று முளைத்தவை என்று எண்ணவும் வேண்டாம். ‘ஓஎம்ஜி’ (‘ஓ மை காட்’, அதாவது ‘அட கடவுளே’) என்ற சுருக்கம், 1917-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி ‘எல்ஓஎல்’, ‘ஓஎம்ஜி’ இரண்டையும் 2011-இல் சேர்த்துக்கொண்டது.

ஜூரோங்கிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்துள்ள ஒருவர்: மேற்பார்வையாளர் அனுப்பும் செய்திகள் பாதி புரிவதில்லை. நான் ‘எஸ்’ என்று ஓர் எழுத்தில் பதில் போட்டால், ‘என்ன இது?’ என்று கேட்கிறார்.

ஆங்கிலச் சொல்லான ‘யெஸ்’ஸை அந்த ஒற்றை எழுத்தால் குறிப்பது இந்தியாவில் பரவலான வழக்கம், இங்குள்ளவர்களுக்கு அது பிழையாகத் தட்டச்சு செய்ததுபோல் தோன்றும். ‘ஓகே’ என்றோ ‘நோட்டட்’ என்றோ எழுதுங்கள். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுபவை சிலவே. ‘எம்சி’ என்றால் மருத்துவ விடுப்புச் சான்றிதழ். வட இந்திய நண்பர்கள் அதே இரண்டெழுத்தை வசைச்சொல்லுக்குப் பயன்படுத்துவதுண்டு என்பதால், மேலாளர் ‘எம்சி?’ என்று கேட்டதும் திகைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். ‘கேஐவி’ என்றால் உங்கள் கோரிக்கையை இப்போதைக்கு எடுத்துவைத்திருக்கிறோம், பிறகு பார்க்கலாம் என்று பொருள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊருக்கு விமானச்சீட்டு வாங்கிவிடாதீர்கள். ‘ஓடிஓடி’ (‘ஓன் டைம், ஓன் டார்கெட்’) என்பது படையினரின் சுடும் பயிற்சிக் கட்டளையிலிருந்து வந்தது. உங்கள் வசதிப்படி, உங்கள் வேகத்தில் செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். தேசியச் சேவை ஆற்றியவர்கள் நிறைந்த ஊர் என்பதால் இத்தகைய சொற்கள் அலுவலகங்களிலும் புழங்குகின்றன. புரியாதபோது, ‘சார், இதன் பொருள் என்ன?’ என்று கேட்டுவிடுங்கள். தவறாகப் புரிந்துகொண்டு வேலையைச் செய்வதைவிட அது பாதுகாப்பானது.

ஜூரோங்கிலிருந்தே இன்னொருவர்: எங்கள் குழுவில் மலாய், தாய்லாந்து நண்பர்களும் இருக்கிறார்கள். எண்களாக எழுதுகிறார்களே?

மலாய்ச் செய்திகளில் சொல்லுக்குப் பின் ‘2’ வந்தால் அந்தச் சொல்லை இருமுறை சொல்லவேண்டும்: ‘காவான்2’ என்றால் ‘காவான் காவான்’, அதாவது நண்பர்கள். சொல்லின் முன்னால் ‘எக்ஸ்’ எழுத்து நின்றால் அது பெரும்பாலும் ‘தாக்’, அதாவது இல்லை அல்லது மாட்டேன். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் செய்தியையே தலைகீழாகப் படிப்பீர்கள். தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு ‘ஹா’ என்று பெயர் என்பதால் ‘555’ என்பது சிரிப்பு. இந்தோனேசியர்களின் ‘வ்க்வ்க்’கும் சிரிப்புத்தான்.

தோ பாயோவிலிருந்து ஒரு தமிழாசிரியர்: பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது போதாதென்று உயிரெழுத்துகளையும் விழுங்கிவிடுகிறார்கள். ‘அப்புறம்’ என்பதற்கு மூன்று மெய்யெழுத்துதான் மிஞ்சுகிறது. பெரியவர்களுக்கும் இதைக் கற்பிக்க வேண்டுமா?

வாசிக்கக் கற்பித்தே ஆகவேண்டும், ஐயா. இல்லாவிட்டால் தம் பேரப்பிள்ளையின் தமிழே அவர்களுக்கு எட்டாது. இந்தப் பழக்கத்துக்குப் பிள்ளைகளின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் எழுதினாலோ 70 இடங்கள்தான். அந்த எழுபதும் முழுதாக நமக்குக் கிடைப்பதில்லை. புள்ளியும் கொம்பும் தனித்தனி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் ‘வணக்கம்’ ஏழு இடங்களை எடுத்துக்கொள்கிறது. செய்திக்கு இவ்வளவு என்று காசு கொடுத்த காலத்தில், தமிழெழுத்தில் எழுதுகிறவர் அதே சேதிக்கு இரு மடங்கு செலுத்த நேர்ந்தது. பல கைப்பேசிகளில் தமிழெழுத்தே தெரியவுமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ என்ற தமிழ்க் குறுஞ்செய்திச் செயலி 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. இன்று அந்தத் தடைகள் இல்லை. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

வகுப்பில் நான் செய்வது எளிது: அத்தகைய செய்தியை உரக்க வாசிக்கச் சொல்வேன். கண்ணுக்குப் புலப்படாத ‘அப்புறம்’ காதுக்கு உடனே புலப்பட்டுவிடும். பிறகு அவர்கள் தமிழெழுத்தில் மறுமொழி எழுதட்டும். விரல் தடுமாறினால் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது.

செங்காங்கிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு ‘சரி.’ என்று அனுப்பினால், ‘ஏன் கோபம்?’ என்கிறான். அவன் ‘ஓகே’யைச் சுருக்கி ‘கே’ என்று ஒற்றை எழுத்தில் அனுப்புவது மட்டும் மரியாதையா?

இரண்டுக்கும் ஒரே வேர். அரட்டையில் அனுப்பும் பொத்தானை அழுத்தினாலே வாக்கியம் முடிந்துவிடுகிறது; ஆகவே, அதற்குமேல் வைக்கும் முற்றுப்புள்ளியில் இளையர் வேறு பொருளைத் தேடுகிறார்கள். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைச் சொல் மறுமொழி முற்றுப்புள்ளியோடு வந்தபோது மாணவர்கள் அதைச் சற்று மனமில்லாத மறுமொழியாகவே மதிப்பிட்டார்கள். ‘கே’யும் அப்படித்தான், இளையருக்கிடையிலேயே அது வெடுக்கென்று ஒலிக்கும். மகனிடம் அதைச் சொல்லலாம், தவறில்லை. நீங்களும் ‘சரிப்பா’ என்று எழுதிப் பாருங்கள்.

தேக்காவில் கடை வைத்திருப்பவர்: வாடிக்கையாளர் விலைப்பட்டியலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினால், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

கனடாவின் சஸ்கெச்சுவான் மாநிலத்தில் 2023-இல் நீதிமன்றம் ஒன்று, ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்துக்கு விவசாயி அனுப்பிய கட்டைவிரல் படத்தை ஒப்புதலாகவே கருதி, சரக்கு தராததற்கு இழப்பீடு செலுத்தச் சொன்னது. பார்த்துவிட்டேன் என்பதற்குத்தான் அனுப்பினேன் என்று அவர் வாதிட்டும் பயனில்லை. அந்த இருவருக்குமிடையே முன்பு சுருக்கமான மறுமொழிகளிலேயே வணிகம் நடந்திருந்ததும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அது கனடாத் தீர்ப்பு என்றாலும், நீங்கள் ‘எத்தனை, எந்த நாளுக்கு?’ என்று திருப்பிக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: கெட்ட வார்த்தைச் சுருக்கங்களை வகுப்பில் சொல்லித்தரலாமா?

சொல்லித்தரவேண்டும். ‘இது வசை, எழுதாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஈசூன் தொண்டூழியர் மீண்டும்: மோசடிச் செய்திகளையும் இதே வகுப்பில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேருங்கள், ஆனால் தனி வேளையில். சுருக்கங்களுக்குப் பொருள் ஊகிக்கச் சொல்லிக்கொடுத்த அதே மாணவர்களிடம், இங்கே ஊகிக்கவே கூடாது என்று சொல்லவேண்டியிருக்கும். 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவுசெய்யாத அனுப்புநர் பெயரில் வரும் குறுஞ்செய்தி ‘மோசடியாக இருக்கக்கூடும்’ என்ற ஆங்கில அடையாளத்தோடு வருகிறது. அரசாங்க அமைப்புகள் பெரும்பாலும் 2024 ஜூலையிலிருந்து ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் அனுப்புகின்றன. இவ்விரண்டையும் அவர்களுடைய கைப்பேசியிலேயே காட்டுங்கள். ‘ஓடிபி’ (ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல்) என்ற மூன்றெழுத்தை மட்டும் விரிவோடு மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நான் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஒரே சுருக்கம் அதுதான். ஐயம் வந்தால் அழைக்கவேண்டிய ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. வகுப்பிலேயே அதைத் தொடர்பு எண்களில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.