பழைய ஊர் மலர்களை ஸ்கான் செய்வது எப்படி?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலைய அலுமாரியில் பழைய பாடசாலை மலர்களும் கும்பாபிஷேக மலர்களும் கிடக்கின்றன. இணையத்தில் ஏற்ற என்ன செய்யவேண்டும்?

முதலில் காயவிடுங்கள். மாரி முடிந்த கையோடு அலுமாரியைத் திறந்தால் ஒற்றைகள் ஈரத்தில் ஒட்டியிருக்கும். இழுத்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். நேர் வெயில் கூடாது, தாள் மஞ்சளாகி நொறுங்கும். நிழலில் காற்றாட விரித்தால் போதும். ஒற்றைகளைத் தைத்திருக்கும் துருப்பிடித்த கம்பியின் முனைகளை நிமிர்த்திய பிறகே கழற்றுங்கள்.

ஸ்கானரில் 300 டிபிஐ (படத் தெளிவின் அளவு), கலர். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சிறிதாகும்தான். ஆனால் மங்கிய அச்சில் புள்ளி மறைந்து ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். போனில் எடுப்பதென்றால் பிளாஷ் வேண்டாம், ஜன்னலோரம் தாளுக்கு நேர்மேலே பிடியுங்கள். விளம்பரப் பக்கங்களை விடவே விடாதீர்கள். அந்த ஊரில் அப்போது எந்தக் கடை, எந்த அச்சகம் இருந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. வெளியிட்ட பாடசாலையிடமோ கோயில் பரிபாலன சபையிடமோ, முடிந்தால் எழுதியவர்களிடமும், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு, இணையத்தில் ஏற்ற, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தாரை அணுகலாம்.