இடிப்பறவையின் கருப்புக் கோடு – கடிதம்

வணக்கம் சார்,

நீங்க ஷேர் பண்ணியிருந்த நார்வல் மோரிஸோவோட 'மனிதன் இடிப்பறவையா மாறுறான்' ஓவியத்தப் பாத்தேன். ஆறு பேனலும் கண்ணப் பறிக்குது. ஆனா உண்மையச் சொன்னா எனக்கு அது சின்னப் பசங்க கலரிங் புக் மாதிரிதான் தெரியுது. உடம்புக்குள்ள இருக்கறதெல்லாம் ஏன் வெளிய தெரியுது? இது நம்ம கருடன் மாதிரியா?
ஒரு வாசகி

வணக்கம்மா,

தோணினத அப்படியே எழுதினதுக்கு நன்றி. கலர்லேருந்து பாக்க ஆரம்பிச்சா அப்படித்தான் தோணும். ஆனா மோரிஸோவுக்குக் கோடுதான் முதல்ல வந்துது. கனடாவுல ஒண்டாரியோ பக்கம் ஓஜிப்வே பழங்குடி அவரு, அவங்க சடங்கு விஷயத்தையெல்லாம் பிர்ச் மரப்பட்டைச் சுருள்ல கீறித்தான் வைப்பாங்க, அந்தக் கீறல்தான் இவரோட கருப்புக் கோடா வந்துச்சு. ஆரம்பத்துல மரப்பட்டையிலயும் பழுப்புக் காகிதத்துலயும் மண்ணு நிறத்துலதான் வரைஞ்சாரு, இந்தப் பளீர்னு அடிக்கிற அக்ரிலிக் எல்லாம் பின்னாடி வந்தது, நீங்க பாத்த படம் 1977.

அந்தக் கோடு உருவத்தச் சுத்தி வேலி கட்டுறது இல்ல. உடம்புக்குள்ள போயி, வெளிய வந்து, பக்கத்துல இருக்கற உயிரத் தொடும். சக்தி ஓடுற வழி அது. உள்ள தெரியறதும் அதனாலதான், எக்ஸ்ரே மாதிரி, தோலுக்குள்ள என்ன ஓடுதுங்கறதுதான் அவருக்கு விஷயமே. நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்ச சின்ன வட்டங்கள் இருக்கும் பாருங்க, அது பகல் இரவு, நல்லது கெட்டதுன்னு எதுலயும் இருக்கற ரெண்டு பக்கம்.

ஓஜிப்வே கதையில வர்ற இந்த இடிப்பறவையக் கருடனோட சேக்காதீங்க, இது யாருக்கும் வாகனம் கிடையாது. சிறகடிச்சா இடி, கண்ணத் திறந்தா மின்னல், தண்ணிக்கடியில இருக்கற மிஷிபெஷுங்கற கொம்பு வச்ச பூனையோட தீராத சண்டை. மோரிஸோவுக்கு இது சொந்தக் கதை வேற. வாலிப வயசுல சாகக் கிடந்தப்ப 'செம்பு இடிப்பறவை'னு பேரு வச்சாங்க, பலமான பேரு உயிரத் திருப்பிக் கொண்டுவரும்னு நம்பிக்கை. பொழச்சாரு. கடைசி வரைக்கும் அந்தப் பேரையேதான் க்ரீங்கற இன்னொரு பழங்குடியோட எழுத்துல கையெழுத்தாப் போட்டாரு. அப்ப அந்த ஆறு பேனல்ல மாறுற மனுசன் யாருங்கறீங்க?

இந்தச் சடங்கு விஷயத்தையெல்லாம் வெளியாளுக்குக் காட்டலாமான்னு அவரோட ஜனங்களே எதிர்த்தாங்க, அந்த வலிய நான் சின்னதா நினைக்கல. இன்னொரு கொடுமை, அவர் பேர்ல போலி ஓவியம் குவிஞ்சு 2023ல போலீஸ் எட்டுப் பேர் மேல கேஸ் போட்டு ஆயிரத்துக்கும் மேல படங்களப் பறிமுதல் பண்ணாங்க. கலர மட்டும் பாத்து வாங்கற வரைக்கும் போலிக்கு வசதிதான்னு எனக்குப் படுது.

மறுபடி அந்தப் படத்தத் திறந்து, கலர விட்டுட்டு ஒரே ஒரு கருப்புக் கோட்ட மட்டும் விரலால தொட்டுக்கிட்டே போங்க. கை எந்த எடத்துல சிறகாச்சுன்னு உங்களால நிறுத்திச் சொல்ல முடியுதான்னு பாத்துட்டு எழுதுங்கம்மா.