சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பண்டிகைக்கு ஊருக்குப் போவது பெற்றோரின் ஆசைக்காக மட்டும்தானா?

"மூன்று வயதுக்குள் நடப்பது எதுவும் குழந்தைக்கு நினைவில் நிற்கப்போவதில்லை, அப்படியிருக்கப் பொங்கலுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்வது பெற்றோர் தம் ஆசைக்குச் செய்துகொள்வதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பவர், வீட்டில் ஒன்றோ ஒன்றரையோ வயதுப் பிள்ளை இருக்கிறது, ஊரிலிருந்து "எப்போது வருகிறீர்கள்" என்ற அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது, மறுக்கவும் முடியாமல் கிளம்பவும் மனமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன். என் மகளுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பு என் அலுவலகத்திலும் இதையே கேட்டார்கள். "அவளுக்கு என்ன தெரியப்போகிறது?" என்று ஒருவர் சொன்னது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நினைவைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் நினைவைக் கேட்டால் பெரும்பாலோர் மூன்று, மூன்றரை வயதில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அதற்கு முற்பட்டவை மறைந்துபோவதை உளவியலில் குழந்தைப் பருவ மறதி என்கிறார்கள். ஆனால் அந்த வயதுக்குள்தான் பிள்ளை நடக்கப் பழகுகிறது, பேசப் பழகுகிறது, யார் மடியில் அஞ்சாமல் தூங்கலாம் என்பதையும் அறிந்துகொள்கிறது. எந்த நாளில் கற்றோம் என்பது மறந்தாலும், கற்றது உடம்பிலும் நாவிலும் தங்கிவிடுகிறது. என் மகள் பிடிமானமில்லாமல் நடந்தது என் கணவரின் ஊரில், பழைய வீட்டுப் பட்டாசாலையில், அதாவது தூண்கள் நின்ற நீண்ட கூடத்தில். எங்கள் அடுக்குமாடி வீட்டில் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையே அவளுக்கு எட்டடி இடம்கூட இல்லை; அங்கே தூணைவிட்டு அடுத்த தூணுக்குப் போக நீண்ட தரை கிடந்தது, இரண்டு பக்கமும் கைநீட்டி அழைக்க ஆட்களும் இருந்தார்கள். அந்த நாள் அவள் நினைவில் இல்லை. நடை அவளிடம் இருக்கிறது.

என் கணவரின் ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அருகே, தாமிரபரணி வாய்க்காலை ஒட்டியது. அவருடைய ஆச்சி, அதாவது என் மகளுக்குப் பூட்டி, அந்த வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குச் செவி மந்தம். காணொளி அழைப்பில் நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. திரையில் அசைவது எந்தப் பிள்ளை என்பதும் தெளிவாகத் தெரியாது. ஆகவே அவரைப் பொறுத்தவரை கொள்ளுப்பேத்தி மடியில் இருந்தால்தான் இருக்கிறாள். குழந்தைக்காகச் செய்கிறோமா நமக்காகச் செய்கிறோமா என்று கேட்பவர்கள், அங்கே மூன்றாவதாக ஒருவர் காத்திருப்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதலில் நாங்கள் போனது பொங்கலுக்கு அல்ல, பங்குனி உத்திரத்துக்கு. நெல்லைப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம் ஏதேனும் ஒரு சாஸ்தாவாக இருப்பார். எங்கெங்கோ சிதறிப் பிழைப்பவர்கள் பங்குனி உத்திரத்தன்று அந்தந்தச் சாஸ்தா கோயிலில் கூடுவார்கள். மகளுக்கு அப்போது பதினோராம் மாதம். மொட்டையடித்துக் காது குத்துவது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். இந்த இடத்தில் சிலர் "குழந்தையின் சம்மதம் இல்லாமல் காது குத்துவது சரியா" என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை யோசிக்காமல் நாங்கள் செய்யவில்லை. குழந்தை மருத்துவரிடம் முன்பே கேட்டோம். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) பாதுகாப்பும் அடங்கியிருப்பதால், அந்த மூன்று தவணைகளும் முடிந்திருப்பது நல்லது என்றார். ஊசியும் கம்மலும் தூய்மையாக இருக்க வேண்டும் என்றார். அவற்றைச் செய்தோம். உடன்படாதவர்கள் பிள்ளை வளர்ந்தபின் கேட்டுச் செய்யட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

என் மாமனாரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். வழக்கமாகப் பொங்கலிட்டுப் பூசை முடிந்து, உச்சி வெயில் ஏறும் நேரத்தில்தான் மொட்டையடிப்பார்கள். பங்குனி வெயிலில் பதினோரு மாதப் பிள்ளை அவ்வளவு நேரம் தாங்க மாட்டாள், அவள் பசியாறித் தெளிவாக இருக்கும் விடியற்காலையிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டேன். முறை மாறுமே என்று உறவில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். மாமனார் சற்று யோசித்துவிட்டு, "சாஸ்தா காலையிலும் அங்கேதான் இருப்பார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவரை என்றும் மதிப்பேன். என் தம்பி தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடையும் கம்மலும் கொண்டுவந்திருந்தான். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்கினார்கள், ஆசாரி காதும் குத்தினார். அழுதாள். பிறகு மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் அந்தக் குளிர்ச்சியில் அவன் தோளிலேயே தூங்கிப்போனாள். அவள் பிறந்தபோது வெளிநாட்டில் இருந்த அவன், அன்றுதான் அவளை முதன்முதலாகத் தூக்கினான். இன்று தம்பி தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்குகிறாள் என்றால், அது அன்று தொடங்கியது என்றே நான் நம்புகிறேன். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

பொங்கலுக்கு வருகிறேன். சென்னையில் போகிப் பண்டிகையன்று பழைய பொருட்களோடு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு அந்தக் காற்றில் இருப்பதைவிடப் போகிக்கு முன்பே ஊர் போய்ச் சேர்வதே மேல் என்று முடிவெடுத்தோம். எங்கள் பக்கத்தில் பொங்கல் வீட்டுக்குள் நடப்பதில்லை. தெருவாசலில் கோலமிட்டு, சுண்ணாம்பும் காவியும் பூசிய மண்கட்டிகள் மூன்றை அடுப்பாகக் கூட்டி, பனையோலையை எரித்துப் பொங்குவார்கள். பால் பொங்கியதும் பெண்கள் குலவையிடுவார்கள். பனங்கிழங்கும் மஞ்சள்குலையும் கரும்பும் இல்லாமல் நெல்லையில் பொங்கல் இல்லை. ஒன்றே முக்கால் வயதில் மகள் முதன்முதலாகக் குலவையைக் கேட்டு அரண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அடுத்த ஆண்டு அவளே நாக்கைச் சுழற்றப் பார்த்தாள்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது அதற்கு அடுத்து வரும் சிறுவீட்டுப் பொங்கலை. மற்ற மாவட்டத்தினர் பலருக்கு இது தெரியாது. மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, அதன் நடுவே சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூவைச் செருகிவைப்பார்கள். பிறகு அந்தச் சாணத்தைப் பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். தைப் பொங்கல் கழிந்தபின் ஒரு நாள், சிறுமிகளுக்கென்று முற்றத்தில் களிமண்ணால் குட்டைச் சுவர் எழுப்பி, வாசலும் அறையும் அடுக்களையும் வைத்து ஒரு சிறு வீடு கட்டித் தருவார்கள். அதற்குள் சின்ன அடுப்பு, சின்னப் பானை, சின்னப் படையல். பொங்கி முடித்ததும், சேர்த்துவைத்த பூ எருக்களையும் கொஞ்சம் பொங்கலையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போய், எருவின்மேல் சூடம் ஏற்றி நீரில் விடுவார்கள். ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியிருப்பதால் எங்கள் வீட்டில் இப்போது காணும் பொங்கலன்றே இதைச் செய்துவிடுகிறார்கள்.

வீட்டில் பெண்பிள்ளை இல்லாததால் எங்கள் முற்றத்தில் நெடுங்காலமாகச் சிறுவீடு கட்டவில்லை. மகளுக்காகப் பூட்டி அதை மீண்டும் தொடங்கினார். முதுகு வளைந்த அந்த மனுஷி, மார்கழிப் பனியில் யாரும் சொல்லாமலே பூசணிப்பூ வைத்து எருத் தட்டிச் சேர்த்திருந்தார் என்பது நாங்கள் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? சுவரைப் பிய்த்தாள், அரிசியை மண்ணில் கொட்டினாள், வாசலில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டாள். பூட்டி மறுபடி மறுபடி சுவரை ஒட்டினார். ஒரு கட்டத்தில் மகள் அவர் செய்வதைப் பார்த்துத் தானும் ஒரு பிடி களிமண்ணை எடுத்து அதே இடத்தில் அப்பினாள். பேச்சே தேவைப்படாமல் இருவருக்கும் இடையே ஒரு வேலை நடந்தது. காது கேளாதவருக்கும் பேச்சு வராதவளுக்கும் பொதுவாக வேறு எதை நாம் வாங்கிக் கொடுத்திருக்க முடியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இத்தனை சொல்லும்போது பயணம் எளிதாக இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது; மிக நல்ல திட்டம், நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பேருந்து நிலையத்தில், பசியில் கதறும் பிள்ளையோடு நான் போய் நின்றபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. சன்னல் வழியே பார்த்தால் உள்ளே வாளியும் துடைப்பங்களும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். கடைசியில் ஒரு பூக்காரம்மா தன் கூடையை நகர்த்தி இடம்விட்டு, எனக்கு மறைப்பாகத் திரும்பி உட்கார்ந்தார். ரயிலிலும் ஒரு குறை உண்டு. கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு மூத்த குடிமக்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் உண்டு. பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை கிடைக்கும் சலுகை, அது கைக்கு வந்தபின் இல்லை. 2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில் சோதனைக்காகக் கீழ்ப்படுக்கையோடு ஒரு குழந்தைப் படுக்கையை இணைத்துப் பார்த்தார்கள். தெற்கே இரவு வண்டிகளில் பிள்ளையைச் சுவரோரம் கிடத்திவிட்டு, அது உருண்டுவிடுமோ என்று விழித்தே கிடக்கும் தாய்மாருக்கு அது எப்போது வரும்? சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே நான் பயணம் செய்த இரவுகளில் கீழ்ப்படுக்கையை விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாரும் முன்பின் அறியாத பயணிகள்தாம்.

மாமியார் வீட்டுப் புகழ் பாடுகிறேன் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பண்டிகை என்றால் பெண்கள் அடுக்களையிலும் ஆண்கள் திண்ணையிலும் இருக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நூறு பேருக்குக் காப்பி கலக்க என்னால் முடியாது என்று முதல் ஆண்டே என் கணவரிடம் தெளிவாகச் சொன்னேன். ஊரில் இருக்கும் நாட்களில் மகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர் வேலை. என் மாமியாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, இப்போது பழகிவிட்டது. நீங்கள் தாயாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். தந்தையாக இருந்தால் நீங்களாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பயணமும் அவசியம் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு நாங்கள் எங்கும் போவதில்லை. தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வகுத்திருந்தாலும், வெடிச்சத்தம் அதோடு நிற்பதில்லை. மகளை உள்ளறையில் வைத்துக்கொண்டு அன்றைய நாளை அமைதியாகக் கழிப்போம். குற்றாலச் சாரலுக்கு அழைத்தபோதும் அருவிக்குப் போகாமல் ஓடையில் கால் நனைத்ததோடு திரும்பினோம். தடுப்பூசி போட்ட மறுநாள் பயணம் வைக்காதீர்கள், காய்ச்சல் வரலாம். பாசத்தில் யாராவது தேனைத் தொட்டு நாக்கில் வைக்க வந்தால், ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது என்று மருத்துவர் சொன்னதாகத் தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவர் பெயரைச் சொன்னால் மூத்தவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஊரில் காத்திருப்பவர் என்று உங்களுக்கு யாரும் இல்லையென்றாலோ, போனால் மனம் நோகும் சூழல் என்றாலோ, நான் சொன்ன எதுவும் உங்களைக் கட்டாது.

இந்தப் பொங்கலுக்குப் போவதாக முடிவெடுத்தால், 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். போகிக்கு முதல் நாள் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் நடுவாக்கில், காலை எட்டு மணிக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். சற்று நேரத்திலேயே காத்திருப்புப் பட்டியல் தொடங்கிவிடும். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பயணச்சீட்டே தேவையில்லை. இருந்தாலும், கையில் பணம் இருந்தால் முழுக் கட்டணம் கட்டி அவளுக்கும் ஒரு படுக்கை எடுங்கள். நாங்கள் அப்படி எடுத்த பிறகுதான் இருவரும் மாறிமாறித் தூங்க முடிந்தது.