இஜிஆர் வால்வு உண்மையிலேயே சிக்கியிருக்கிறதா என்பதை மாற்றுவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் 2016ஆம் ஆண்டு டீசல் காரில் போய்வருகிறீர்கள். சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது, இரண்டு முறை அணைந்தும் போனது, புறப்படும்போது கரும்புகை வருகிறது. ஸ்கேனர் பி0402 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியதால் வால்வையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுங்கள். இன்ஜின் வெளியே விடும் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் கதவுதான் இஜிஆர் வால்வு. பி0402 என்றால் எதிர்பார்த்ததைவிட அதிகப் புகை இன்ஜினுக்குள் திரும்பிப் போகிறது என்று வண்டியின் கணினி நினைக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் அப்படி நினைக்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில், காசிமேட்டிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவரின் வண்டியில் இதே போன்ற குறியீடு வந்தது. வேறு எதையும் பார்க்காமல் வால்வை மாற்றினேன். பத்தே நாளில் திரும்பி வந்து, "தம்பி, பணம் போனால் போகட்டும், வண்டி மறுபடியும் நடுங்குகிறதே" என்றார். வால்வுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக்காற்றில் இரண்டு பின்கள் பச்சைப் பிடித்துக் கிடந்தன. சுத்தம் செய்தவுடன் வண்டி சரியாகிவிட்டது. வால்வுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கனெக்டரைப் பார்க்காமல் நான் எந்த வால்வையும் தொடுவதில்லை.

முதலில் நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை. காலையில் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் குளிர்ந்த இன்ஜினில் இந்த வால்வு மூடியே இருக்கும். முதல் நிமிடத்திலேயே நடுக்கம் இருந்தால் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. சூடேறிய பிறகுதான் நடுக்கம் வருகிறது என்றால், திறக்கும் வால்வு திரும்ப மூடத் தாமதிக்கிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு வால்வின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மின்சாரம் இல்லாதபோது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வை மூடிவிட வேண்டும். நடுக்கம் நின்றால் வால்வு அசைகிறது என்று பொருள். நிற்காவிட்டால் அது கரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கோளாறு வேறெங்கோ இருக்கலாம். இந்தச் சோதனையால் இன்ஜின் விளக்கு எரியும். பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

தெளிவான விடை ஸ்கேனரின் நேரடி எண்களில் இருக்கிறது. குறியீட்டை மட்டும் படித்துவிட்டு ஸ்கேனரைக் கழற்ற விடாதீர்கள். இன்ஜின் சூடான பிறகு மூன்று எண்களை ஒன்றாகத் திரையில் வைக்கச் சொல்லுங்கள்: கணினி கேட்கும் திறப்பு, வால்வின் உண்மையான திறப்பு, உள்ளே வரும் காற்றின் அளவு. கணினி 0 சதவீதம் கேட்கும்போது வால்வு 20இல் நின்றால் அது திறந்து சிக்கியிருக்கிறது. 40 கேட்டும் 5ஐத் தாண்டவில்லை என்றால் மூடிச் சிக்கியிருக்கலாம், அல்லது வால்வை அசைக்கும் மோட்டாருக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். இரண்டு எண்களும் ஒத்துப்போய், வால்வு திறந்தும் காற்றின் அளவு குறையவே இல்லை என்றால், வால்வில் குறையில்லை. புகை வரும் பாதையோ அந்தப் புகையைக் குளிர்விக்கும் கூலரோ கரியால் அடைத்திருக்கிறது. அப்போது புது வால்வு போட்டாலும் பலன் இராது.

உங்கள் குறியீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல டீசல் வண்டிகளில் கணினி புகையை நேரடியாக அளப்பதில்லை. வரும் காற்று எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தே திரும்பும் புகையைக் கணக்கிடுகிறது. காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்கேறிக் குறைத்துக் காட்டினாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், புகை அதிகம் என்று கணினி முடிவு கட்டிவிடும். ஏர் ஃபில்டரைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் கரும்புகையும் விசில் சத்தமும் சேர்ந்து வந்தால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வால்வுதான் என்று உறுதியானால், கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பதே முதல் வேலை. கார்பன் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் உட்காரும் விளிம்பு கீறிப் பிறகு ஒருபோதும் சரியாக மூடாது. மோட்டார் அசைகிறதா என்று பார்க்க பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள், மோட்டார் எரிந்துவிடக்கூடும். மாட்டும்போது, கசியாமலிருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் வால்வின் மூடிய நிலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். அதை விட்டுவிட்டால் சுத்தமான வால்வும் பழைய குறியீட்டையே காட்டக்கூடும்.

உங்கள் பாதையில் வால்வு கரி பிடிப்பதில் வியப்பில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகிறோம். பாரம் குறைவான அந்த ஓட்டத்தில்தான் வால்வு அதிகம் திறக்கிறது. புகையும் அவ்வளவு சூடாக இருப்பதில்லை. அதன் கரி இன்ஜின் ஆயில் ஆவியோடு கலந்து தார் போல ஒட்டிக்கொள்கிறது.

சிலர் தகடு வைத்து இந்தப் புகை திரும்பும் பாதையை அடைத்துவிடச் சொல்வார்கள். நான் செய்து தருவதில்லை. எரியும் வெப்பத்தைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்தத்தான் இந்த வால்வே இருக்கிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரை அடுத்த வடசென்னை அனல்மின் நிலையமும் விடும் புகையை ஏற்கெனவே சுவாசிக்கும் மக்கள் நாம். நம் பிள்ளைகளின் மூச்சில் இன்னும் கொஞ்சம் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நாளைக்கே பட்டறைக்குப் போய் அந்த மூன்று எண்களையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எண்களை இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.