பழைய பொருட்கடையில் இசைத்தட்டும் ஒலிக்கருவியும் வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பதே முதல் வேலை. உறையின் அழகில் மயங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். தூசியும் விரல் தடமும் கழுவினால் போய்விடும், ஆனால் நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒலிக்கும். தட்டின் மேற்பரப்பு சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருந்தால், தேய்ந்த ஊசியால் அது பலமுறை இசைக்கப்பட்டிருக்கக்கூடும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. 1948-இல் வெளிவந்த, அதிக நேரம் இசைக்கும் நெடுந்தட்டுக்கான (LP) மெல்லிய ஊசி அவற்றுக்குப் பொருந்தாது.

மோட்டார் ஒலித்தும் சுழலாத டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) கண்டு தயங்க வேண்டாம்: பல நேரங்களில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருப்பதே காரணம், அதை மாற்றுவதும் எளிது. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் தொட்டவுடன் உதிர்ந்தால், பழுதுச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.