தண்டுவட நீர்க்கட்டி: ஊசியால் நீரை எடுத்தால் போதாதா?

கேள்வி: 14 வயதான என் மகனுக்குச் சில மாதங்களாக நடக்கும்போது கால்கள் விறைத்துக்கொள்கின்றன. சில நாள் தேறுகிறான், மறுபடியும் தடுமாறுகிறான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில், நெஞ்சுப் பகுதி முதுகெலும்புக்குள் தண்டுவட உறைக்கு வெளியே அரக்னாய்டு நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஊசியால் நீரை எடுத்துவிட முடியாதா? அறுவை சிகிச்சை செய்துதான் ஆகவேண்டுமா?
- ஒரு வாசகி

பதில்: முதலில் ஓர் ஆறுதல்: அரக்னாய்டு நீர்க்கட்டி புற்றுநோய் அல்ல. தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள டியூரா என்ற தடித்த உறையில், பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த ஒரு சிறு துளை வழியாக, உள்ளுறையாகிய அரக்னாய்டு வெளியே பிதுங்கி, அதற்குள் மூளைத் தண்டுவட நீர் தேங்குவதால் இது உருவாகிறது. இருமும்போதும் முக்கும்போதும் துளை வழியே நீர் புகுகிறது. ஆனால் சைக்கிள் டியூபின் வால்வைப் போல, புகுந்த நீர் எளிதில் திரும்புவதில்லை. கட்டிக்குள் அழுத்தம் கூடிக் குறைவதால் தண்டுவடம் நெருக்கப்படுவதும் கூடிக் குறைகிறது. உங்கள் மகன் தேறுவதும் தடுமாறுவதும் இதனால்தான் இருக்கக்கூடும். இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்து, பள்ளிக்குப் போகாமலிருக்கப் பிள்ளை சாக்குச் சொல்வதாக எண்ணிக் கடிந்துகொள்வது மிகவும் வேதனைக்குரியது.

ஊசியால் நீரை எடுத்தாலும் துளை அப்படியே இருக்குமாதலால் கட்டி மீண்டும் நிரம்பிவிடும். தொந்தரவே தராமல் தற்செயலாகத் தெரியவந்த கட்டியைக் கண்காணித்து வந்தால் போதும். உங்கள் மகனுக்கோ கால் விறைப்பு தொடங்கிவிட்டதால், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தண்டுவடம் நெடுநாள் நசுங்கியிருந்தால், பிறகு அழுத்தத்தை நீக்கினாலும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

அறுவை சிகிச்சையில் கட்டியின் சுவரை அகற்றுவதைவிட முக்கியமானது, துளையைக் கண்டுபிடித்துத் தைத்து மூடுவது. கட்டி பல முள்ளெலும்புகளின் நீளத்துக்குப் பரவியிருந்தாலும் துளை பெரும்பாலும் ஒன்றே என்பதால், அதன் இடம் முன்கூட்டியே தெரிந்தால் முதுகைச் சிறிதளவு மட்டும் திறந்தால் போதுமானதாக இருக்கலாம். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் துளை தெளிவாகத் தெரியாதபோது, நீரின் ஓட்டத்தைக் காட்டும் சினி எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. மைலோகிராம் (தண்டுவட நீரில் சாய மருந்தைச் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்) தேவைப்படலாம், இதைப் பற்றி உங்கள் நரம்பியல் அறுவை நிபுணரிடம் அவசியம் கேளுங்கள். வளரும் வயதில் முதுகெலும்பின் பின்புற எலும்பை நிரந்தரமாக நீக்கினால் பின்னாளில் கூன் விழ வாய்ப்புண்டு என்பதால், அந்த எலும்பை மீண்டும் பொருத்தும் லேமினோபிளாஸ்டி முறை பலரால் விரும்பப்படுகிறது. எப்படியானாலும் வளர்ச்சி முடியும்வரை முதுகின் வளைவைக் கவனித்து வர வேண்டும். தையல் வழியே நீர் கசிவதும் கிருமித் தொற்றும் ஏற்படக்கூடிய சிக்கல்கள்.

இன்னொன்று: மகனுக்கோ குடும்பத்தில் வேறு யாருக்கோ கண்ணிமையில் இரண்டாவது வரிசையாக வளரும் இமைமுடிகளும் நாட்பட்ட கால் வீக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எஃப்.ஓ.எக்ஸ்.சி2 என்ற மரபணுக் கோளாற்றால் வரும் அந்த நோயுடன் இத்தகைய நீர்க்கட்டிகளும் சேர்ந்து காணப்படுவதுண்டு.

சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.